மிடில்வெயிட் இறுதிப் போட்டி: மணி அடிக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

முதலாவது இளையர் ஒலிம்பிக் விளையாட்டுகள் 2010 ஆகஸ்டில் சிங்கப்பூரில் நடந்தன. குத்துச்சண்டைக்கு சன்டெக் மாநாட்டு மண்டபத்தில் ரிங் அமைத்திருந்தார்கள். 75 கிலோ மிடில்வெயிட் இறுதிப் போட்டியில் ஆஸ்திரேலியாவின் டேமியன் ஹூப்பரும் கொலம்பியாவின் ஹுவான் கார்லோஸ் கரியோவும் மோதினர். தங்கம் ஹூப்பருக்குக் கிடைத்தது.

அந்த ரிங்கில் ஏறியவர்கள் எல்லாரும் பதின்ம வயதினர். ஆனால் வந்திருந்தவர்களின் பட்டியலை இன்று எடுத்துப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. மிக அதிக எடைப் பிரிவில் பிரான்சின் டோனி யோகா, நியூசிலாந்தின் ஜோசப் பார்க்கரை வென்று தங்கம் பெற்றார். 2016ல் யோகா ரியோ ஒலிம்பிக் சாம்பியன். அதே ஆண்டு டிசம்பரில் பார்க்கர் தொழில்முறை ஹெவிவெயிட் உலகப் பட்டம் வென்றார். இந்தியாவின் ஷிவா தாப்பா கியூபாவின் ரொபெய்சி ராமிரெஸிடம் தோற்று வெள்ளி பெற்றார். விகாஸ் கிருஷன் 60 கிலோ பிரிவில் வெண்கலம் வாங்கினார்.

இப்படி ஓர் இறுதிப் போட்டி வரும்போது, முன்னோட்டம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வெற்றி தோல்விக் கணக்கைத்தான் தருவார்கள். இவருக்கு இத்தனை வெற்றி, அவருக்கு இத்தனை நாக் அவுட் என்பதோடு அது முடிந்துவிடும். மிடில்வெயிட்டைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு பாதிக்கதைதான். எடை, இறுதிக்கு வந்த வழி, தீர்ப்பு சொல்லும் முறை ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் முழுக்கதை தெரியும்.

தராசுதான் முதல் எதிராளி

தொழில்முறைக் குத்துச்சண்டையில் மிடில்வெயிட்டின் உச்ச வரம்பு 160 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 72.6 கிலோ. ஒலிம்பிக் பாணியில் நெடுங்காலமாக 75 கிலோ. தொழில்முறை வீரர் போட்டிக்கு முந்தின நாள் தராசில் ஏறுவார். பிறகு சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, மறுநாள் கூடுதல் எடையோடு ரிங்கில் நிற்பார். ஒலிம்பிக் பாணியில் அந்த வசதி இல்லை. மோதும் நாள் காலையிலேயே எடை பார்த்துவிடுவார்கள். தொடர் முழுக்க அந்த எடையைக் காப்பாற்றியாக வேண்டும். பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 கிராம் கூடிப்போனதால் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத் இறுதிப் போட்டிக்கு முன்பே வெளியேற்றப்பட்டது நம் நினைவில் இருக்கிறது. குத்துச்சண்டையிலும் தராசு அதே அளவு கறார்தான்.

எனவே முன்னோட்டத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இந்த எடை இவருக்கு இயல்பானதா, கீழிருந்து ஏறி வந்தாரா, மேலிருந்து இளைத்து வந்தாரா? சிங்கப்பூரில் மோதிய இருவரையே பாருங்கள். ஹூப்பர் 2012 லண்டன் ஒலிம்பிக்கிலும், கரியோ 2016 ரியோவிலும் 81 கிலோ பிரிவில் களமிறங்கினார்கள். இருவருக்கும் 75 கிலோ வளரும் வயதின் இடைநிலையம். விகாஸ் கிருஷன் கீழிருந்து வந்தவர். இங்கே 60 கிலோவில் வெண்கலம் பெற்றவர், 2018ல் கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் விளையாட்டில் 75 கிலோ தங்கம் வென்றார்.

சில சமயம் வீரர் நகர்வதில்லை, பிரிவே நகர்ந்துவிடுகிறது. அசாமின் லவ்லினா போர்கோஹைன் தோக்கியோவில் 69 கிலோவில் வெண்கலம் வென்றார். பாரிஸில் அந்தப் பிரிவு இல்லை என்றதும் 75 கிலோவுக்கு ஏறி, 2023 மார்ச்சில் புதுடில்லியில் அதே எடையில் உலக சாம்பியன் ஆனார். ஆண்களுக்கோ பாரிஸில் 75 கிலோவே இல்லை. 71க்கு அடுத்தது 80.

இறுதிக்கு வந்த வழி

அரையிறுதியில் எதிராளியைத் துவைத்து எடுத்தவர்தான் இறுதியிலும் ஜெயிப்பார் என்று நினைப்பது இயல்பு. அது எத்தனை பெரிய தவறாக முடியும் என்பதற்கு, இந்த எடையின் புகழ்பெற்ற தொழில்முறைத் தொடரே சான்று.

2001ல் போட்டி ஏற்பாட்டாளர் டான் கிங் நான்கு பேரை வைத்து மிடில்வெயிட் உலகத் தொடர் ஒன்றை நடத்தினார். ஏப்ரல் 14 அன்று ஐபிஎஃப் அமைப்பின் சாம்பியன் பெர்னார்ட் ஹாப்கின்ஸ், டபிள்யூபிசி சாம்பியன் கீத் ஹோம்ஸை 12 சுற்றுகள் ஆடிப் புள்ளிகளில் வென்றார். பார்ப்பதற்கு விறுவிறுப்பில்லாத வெற்றி. மே 12 அன்று போர்ட்டோ ரிக்கோவின் ஃபெலிக்ஸ் டிரினிடாட், டபிள்யூபிஏ சாம்பியன் வில்லியம் ஜாப்பியை ஐந்தாவது சுற்றிலேயே சாய்த்தார். டிரினிடாட் 40 போட்டிகளில் ஒன்றிலும் தோற்காதவர். ஹாப்கின்ஸுக்கு வயது 36. செப்டம்பர் 15க்குக் குறித்திருந்த இறுதிப் போட்டி, 11ஆம் தேதி நியூயார்க்கில் நடந்த பயங்கரவாதத் தாக்குதலால் 29க்குத் தள்ளிப்போனது. நியூயார்க்கின் மேடிசன் ஸ்குவேர் கார்டனில், பந்தயக்காரர்களின் பணம் டிரினிடாட் பக்கமே இருந்தது.

ஆனால் எடையின் வரலாறு வேறு சொன்னது. டிரினிடாட் 147 பவுண்டில் புகழ்பெற்று, 154 பவுண்டுக்கு ஏறி, அந்த ஆண்டுதான் 160க்கு வந்திருந்தார். ஹாப்கின்ஸோ 1995 முதல் அதே 160 பவுண்டில் பட்டத்தைக் காத்து வந்தவர். வந்த வழியும் வேறு சொன்னது. ஜாப்பி நேரே நின்று டிரினிடாட்டின் இடதுகைக்கு முகத்தைக் கொடுத்தார். ஹாப்கின்ஸ் அப்படி நிற்கிற ஆளே இல்லை. ஹோம்ஸுடன் ஆடிய அந்த சுவையற்ற 12 சுற்றுகள், எதிராளியை அடிக்க விடாமல் முடக்கும் கலையில் அவர் தேர்ந்தவர் என்பதையே காட்டின.

மணி அடிப்பதற்கு முன்பே ஒரு மோதல் நடந்தது. கையுறை மாட்டுமுன் விரல் முட்டிகளைக் காக்க மெல்லிய துணிப் பட்டையைச் சுற்றி, அது நழுவாமல் மேலே டேப் ஒட்டுவார்கள். எதை எத்தனை அடுக்கு, எந்த இடத்தில் ஒட்டலாம் என்பதற்கு விதி உண்டு. முட்டியின் மேல் டேப் அடுக்கினால் கை கெட்டிப்பட்டுவிடும். அதனால் எதிர்த்தரப்பு ஆள் ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்கும் உரிமை இருக்கிறது. ஹாப்கின்ஸ் தரப்பில் போயிருந்த நாசிம் ரிச்சர்ட்சன், டிரினிடாட்டின் கைக்கட்டு விதிப்படி இல்லை என்று ஆட்சேபித்தார். கட்டைப் பிரித்து மறுபடி சுற்ற வேண்டியதாயிற்று. 2009 ஜனவரியில், ஷேன் மோஸ்லி தரப்பில் நின்ற இதே ரிச்சர்ட்சனின் கண்தான் அந்தோனியோ மர்கரிட்டோவின் கைக்கட்டுக்குள் விதிமீறலைப் பிடித்தது. மர்கரிட்டோவின் உரிமம் ரத்தானது.

ரிங்கில் நடந்தது ஒருதலைப்பட்சமான பாடம். ஹாப்கின்ஸ் நகர்ந்துகொண்டே, ஜாப் குத்துகளால் தூரத்தைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்தார். 10ஆவது சுற்றில் டிரினிடாட் தடுமாறினார். 12ஆவது சுற்றில் வலதுகைக் குத்தில் விழுந்தார். அவருடைய தந்தையும் பயிற்றுவிப்பாளருமான டிரினிடாட் சீனியர் ரிங்குக்குள் ஏறிவிட, போட்டி நிறுத்தப்பட்டது. 1987ல் மார்வின் ஹேக்லர் பட்டத்தை இழந்ததற்குப் பின், இந்த எடையின் அந்த மூன்று பட்டங்களும் ஒரே கையில் சேர்ந்தது அன்றுதான்.

முன்பு மோதிய கணக்கும் இப்படித்தான் ஏமாற்றும். 2009 உலகப் போட்டி அரையிறுதியில் உஸ்பெகிஸ்தானின் அப்போஸ் அத்தோயெவிடம் இந்தியாவின் விஜேந்தர் சிங் 3–7 எனத் தோற்றார். அடுத்த ஆண்டு குவாங்ஜோ ஆசிய விளையாட்டு இறுதியில் அதே அத்தோயெவை 7–0 என வென்று தங்கம் பெற்றார்.

தீர்ப்பு யார் கையில்?

விஜேந்தர் 2008 பெய்ஜிங்கில் இந்தியக் குத்துச்சண்டைக்கு முதல் ஒலிம்பிக் பதக்கத்தைப் பெற்றுத் தந்தவர். அரையிறுதியில் அவரை 8–5 என வென்ற கியூபாவின் எமிலியோ கொரெயா, இறுதியில் பிரிட்டனின் ஜேம்ஸ் டிகேலைச் சந்தித்தார். முதல் சுற்றில் கொரெயா கடித்ததாகச் சொல்லி நடுவர் எச்சரிக்க, இரண்டு புள்ளி தண்டனை விழுந்தது. போட்டி முடிந்தபோது டிகேல் 16, கொரெயா 14. ஒலிம்பிக் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் நடுவே இருந்தது அந்த இரண்டே புள்ளி.

அன்று இருந்தது கணினி முறை. ஐந்து நீதிபதிகளில் மூவர் ஒரு வினாடிக்குள் பொத்தானை அழுத்தினால்தான் குத்து கணக்கில் சேரும். 1988 சோல் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் ராய் ஜோன்ஸுக்கு நேர்ந்த அநியாயத் தீர்ப்புக்குப் பின், 1992ல் ஒலிம்பிக்கில் வந்த முறை அது. 2013 முதல் தொழில்முறையைப் போலவே பத்துப் புள்ளி முறை. ஒவ்வொரு சுற்றிலும் மேலோங்கியவருக்கு 10, மற்றவருக்கு 9 அல்லது அதற்கும் குறைவு. குத்துகளின் எண்ணிக்கை மட்டும் அல்ல, தெளிவாக இலக்கில் விழுந்தனவா, ஆட்டத்தை யார் நடத்தினார் என்பதும் பார்க்கப்படும்.

லவ்லினாவின் 2023 இறுதி ஸ்கோர் 5–2 என்று படித்தவர்கள், ஐந்து நீதிபதிகளுக்கு ஏழு வாக்கு எப்படி என்று குழம்பியிருக்கலாம். ஆஸ்திரேலியாவின் கேட்லின் பார்க்கருடன் அவர் ஆடிய போட்டி 3–2 எனப் பிளவுபட்டதால் மறுபரிசீலனைக்குப் போனது. கூடுதலாக இரு அதிகாரிகளின் மதிப்பீடும் சேர்க்கப்பட்டது, இரண்டும் லவ்லினாவுக்கே. அடுத்த ஆண்டு பாரிஸ் காலிறுதியில் சீனாவின் லீ சியனிடம் 1–4 எனத் தோற்றார். லீ சியனே தங்கம் வென்றார்.

தீர்ப்புகளின் நம்பகத்தன்மை இந்த விளையாட்டின் உயிர்ப்பிரச்சினை. நிர்வாகச் சீர்கேட்டாலும் தீர்ப்புச் சர்ச்சைகளாலும் 2023ல் பழைய அனைத்துலகச் சங்கத்தின் அங்கீகாரத்தை ஒலிம்பிக் குழு பறித்தது. 2025ல் ‘வேர்ல்ட் பாக்சிங்’ என்ற புதிய அமைப்புக்குத் தற்காலிக அங்கீகாரம் கிடைத்த பிறகுதான் 2028 லாஸ் ஏஞ்சலிஸில் குத்துச்சண்டைக்கு இடம் உறுதியானது.

புள்ளியில் பின்தங்கினால் கதை முடிந்ததா?

2021 ஜூலையில் ‘சார்பட்டா பரம்பரை’ திரைப்படம் வெளிவந்து, வடசென்னையின் குத்துச்சண்டைப் பரம்பரைகளும் அவர்களுடைய மேடைகளும் உலகத் தமிழர் வீட்டுக்கெல்லாம் வந்து சேர்ந்தன. அடுத்த சில வாரங்களில், ஆகஸ்ட் 7 அன்று, தோக்கியோவில் ஒலிம்பிக் மிடில்வெயிட் இறுதி. உக்ரேனின் ஒலெக்சாண்டர் கிஜ்னியாக் முதல் இரு சுற்றுகளிலும் ஓயாமல் முன்னேறி அடித்துப் புள்ளிகளை அள்ளினார். பிரேசிலின் ஹெபர்ட் கொன்செய்சாவுக்கு மூன்று நிமிடம் மட்டுமே மிச்சம். புள்ளிகளில் எட்டிப்பிடிக்க வழியில்லை. மூன்றாவது சுற்றில், கிஜ்னியாக் உள்ளே நெருங்கிய கணத்தில் ஹெபர்ட்டின் இடதுகை ஹூக் தாடையில் இறங்கியது. தங்கம் பிரேசிலுக்கு.

இது அதிர்ஷ்டம் அல்ல. எந்த நேரமும் முன்னால் வந்துகொண்டே இருப்பதுதான் கிஜ்னியாக்கின் பலம். அதையே குறிவைத்த குத்து அது. கிஜ்னியாக்கும் அதோடு ஓய்ந்துவிடவில்லை. 80 கிலோவுக்கு ஏறி, பாரிஸில் ஒலிம்பிக் தங்கம் வென்றார்.

மிடில்வெயிட்டின் ஈர்ப்பே இதுதான். லேசான எடைகளின் வேகமும் இங்கே உண்டு, ஒரே குத்தில் ஆளைச் சாய்க்கும் பலமும் உண்டு. எனவே கடைசி மணி அடிக்கும் வரை எதையும் முடிந்ததாக எண்ண முடியாது.

சிங்கப்பூருக்கு இது அந்நியமல்ல

ஜாலான் புசாரில் இன்று சிட்டி ஸ்குவேர் மால் நிற்கும் இடத்தில் 1923ல் திறந்த நியூ வேர்ல்ட் பொழுதுபோக்குப் பூங்கா இருந்தது. லிட்டில் இந்தியாவிலிருந்து கூப்பிடு தூரம். அங்கே குத்துச்சண்டை பார்க்கக் கூட்டம் கூடியது. சையது அப்துல் காதர் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் சிங்கப்பூருக்காகக் குத்துச்சண்டை ஆடினார். 1974 கிறைஸ்ட்சர்ச் காமன்வெல்த் விளையாட்டில் வெண்கலம் வென்றார். அந்தத் தலைமுறைக்குக் குத்துச்சண்டை வீரர் என்றால் காதர்தான்.

தென்கிழக்காசிய விளையாட்டுகள் 2029ல் மீண்டும் சிங்கப்பூருக்கு வருகின்றன. குத்துச்சண்டை அந்த விளையாட்டுகளின் பழைய அங்கம். வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எந்தத் தொடரானாலும் இறுதிப் போட்டியை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். தொடக்கச் சுற்றிலிருந்தே பாருங்கள். யார் எந்த எடையிலிருந்து வந்தார், யாரை எப்படி வென்றார், நீதிபதிகள் எதற்குப் புள்ளி தருகிறார்கள் என்று குறித்து வையுங்கள். வீட்டுப் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். இத்தனையும் தெரிந்து பார்க்கிறவருக்கு, எந்த முன்னோட்டமும் சொல்லாததை இறுதிப் போட்டியின் முதல் சுற்றே சொல்லிவிடும்.