ஆலன் கீயா, சென்னைப் பேருந்தா?

சித்தூர், திருப்பதிப் பக்கம் கிட்டார் வாசிப்பவருக்கு ரிப்பேர் செலவு என்பது ரிப்பேர்காரர் கேட்கும் கூலியோடு முடிவதில்லை. கம்பி வாங்கி மாட்டுவதற்கு உள்ளூர்க் கடை போதும். பிரெட்டைத் தேய்த்துச் சமன் செய்யவும் பெயர்ந்த பிரிட்ஜை ஒட்டவும் பழகிய கை வேண்டுமென்றால், பெரும்பாலும் சென்னைக்கோ பெங்களூருவுக்கோ கிளம்ப வேண்டியதுதான். திருப்பதியிலிருந்து சென்னை ஏறக்குறைய 140 கி.மீ. கொடுக்க ஒரு நடை, வாங்க ஒரு நடை. இரண்டு நாள் வேலை போகும். நெரிசலில் மடியில் வைத்துக்கொண்டு வந்த கிட்டார் புதிதாக ஒரு அடி வாங்காமல் வீடு சேர வேண்டும்.

இதனால்தான் பலரும் ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுக்கிறார்கள். எடுக்கலாம். ஆனால் எதை நாமே செய்வது, எதைக் கொண்டுபோய்க் கொடுப்பது என்பதைக் கூலியை வைத்து முடிவு செய்வது தவறான கணக்கு என்று எனக்குத் தோன்றுகிறது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: செய்தது சரிவராவிட்டால் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியுமா?

வீணைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். திருப்பதியில் தேவஸ்தானம் நடத்தும் ஸ்ரீ வெங்கடேஸ்வரா இசை நடனக் கல்லூரியில் வீணையும் சொல்லித்தருகிறார்கள். அந்த வாத்தியத்தின் 24 மெட்டுகளும் கறுப்பு மெழுகின்மேல் உட்கார்ந்திருக்கின்றன. வெயிலில் மெழுகு இளகும், மெட்டு அசையும், சுருதி பிசகும். அப்போது ஆசாரியைக் கூப்பிட்டு மேளம் கட்டச் சொல்வார்கள். அவர் மெட்டு மெட்டாகக் காதால் கேட்டு இடம் பார்த்து வைப்பார். ஒன்று தவறினால் மெழுகைச் சூடாக்கி மறுபடி வைக்கலாம். வேலை நுட்பமானது, ஆனால் திருத்தத்துக்கு இடம் கொடுப்பது.

கிட்டாரிலோ மெட்டின் இடத்தில் இருக்கும் பிரெட் மரத்துக்குள் அடித்து இறுக்கப்பட்டது. அதன் இடத்தைக் கணக்கு தீர்மானிக்கிறது. மிச்சமிருக்கும் கம்பி நீளத்தை 17.817 ஆல் வகுத்தால் அடுத்த பிரெட் எங்கே என்று கிடைத்துவிடும். 648 மி.மீ. நீளக் கம்பியில் முதல் பிரெட், கழுத்தின் தலைப்பக்கம் கம்பி உட்காரும் நட்டிலிருந்து 36.4 மி.மீ. தள்ளி வரும், 12ஆவது சரியாகப் பாதியில், 324 மி.மீட்டரில். தொழிற்சாலை ஒழுங்காக அறுத்திருந்தால் இந்த இடங்கள் பிறகு மாறப்போவதில்லை. ஆகவே வாசிக்கும்போது சுருதி ஒட்டவில்லை என்றால் முதலில் பிரெட்டின் இடத்தைச் சந்தேகிக்க வேண்டாம். குற்றவாளி பெரும்பாலும் கம்பி, இல்லையென்றால் பிரிட்ஜில் கம்பியைத் தாங்கும் சாடில், இல்லையென்றால் கழுத்தின் வளைவு.

கம்பியிலிருந்து தொடங்குவோம். அக்கூஸ்டிக் கிட்டாரின் ஆறு எஃகுக் கம்பிகளும் சேர்ந்து சுமார் 70 கிலோ எடைக்குச் சமமான விசையோடு இழுக்கின்றன. விரல் வியர்வை பட்ட இடத்தில் துரு ஏறும், பிரெட் உரசும் இடத்தில் உலோகம் தேயும். கம்பியின் எடை நீளம் முழுக்க ஒரே சீராக இல்லாமல் போனால் மேல்சுரங்கள் அடிச்சுரத்தோடு இணங்காது. 12ஆவது பிரெட்டின் நேர் மேலே கம்பியை லேசாகத் தொட்டு ஒரு ஒலி, அதே பிரெட்டை அழுத்தி ஒரு ஒலி: போனில் உள்ள டியூனர் ஆப் இரண்டுக்கும் ஒரே அளவு காட்ட வேண்டும். காட்டாவிட்டால் முதல் மருந்து புதுக் கம்பிதான். சில நூறு ரூபாயில் முடியும், கெட்டுப்போக ஒன்றும் இல்லை. கிட்டாரே போய்விட்டது என்று நினைத்தவர்களில் பாதிப் பேருக்காவது இதோடு வேலை முடிந்துவிடும் என்பது என் ஊகம்.

அடுத்தது பருவம். சித்திரை வைகாசியில் இந்தப் பக்கம் வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை ஈரத்தைக் கொண்டுவருகிறது. மரம் ஈரத்தில் குறுக்குவாட்டில் உப்பும், வறட்சியில் சுருங்கும். நெடுவாட்டில் ஏறக்குறைய மாறுவதே இல்லை. பிரெட்போர்டு பலகை சுருங்கும்போது உலோகப் பிரெட் சுருங்காது. அதனால்தான் கோடையில் பிரெட் முனைகள் விரலைக் கீறுகின்றன. மழைக்காலத்தில் முன்பலகை உப்பிக் கம்பியைத் தூக்குகிறது, அழுத்த விரல் வலிக்கிறது. காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் இருந்தால் கிட்டாருக்குச் சுகம். உறைக்குள் போட்டு மூடி வைப்பது ரிப்பேர் செலவைக் குறைக்கும் மிக மலிவான வழி. பூட்டிய காருக்குள் மட்டும் வேண்டாம்.

   

இனிக் கழுத்தின் வளைவு. கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராடுக்கு கிப்ஸன் நிறுவனத்தின் தாடியஸ் மெக்ஹியூ 1923இல் காப்புரிமை பெற்றார். கம்பிகள் கழுத்தை முன்னால் இழுக்க, இந்த எஃகுத் தண்டு எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. சரிபார்க்க டூவீலர் மெக்கானிக்கின் பெட்டியிலுள்ள ஃபீலர் கேஜ் போதும். முதல் பிரெட்டில் கேப்போ போட்டு, கழுத்து உடலோடு சேரும் பிரெட்டை அழுத்திப் பிடித்தால், ஏழாவது பிரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே கால் மி.மீ. தகடு நுழைய வேண்டும். இடைவெளி அதிகமென்றால் ட்ரஸ் ராடின் திருகு நட்டை ஆலன் கீயால் வலப்பக்கம் கால் சுற்று, குறைவென்றால் இடப்பக்கம். ஒரு நாள் விட்டு மறுபடி அளக்கலாம். சரிவராவிட்டால் வந்த வழியே திருப்பிவிடலாம் என்பதால் இது வீட்டு வேலைதான். ஒரே நிபந்தனை, ஆலன் கீ பொருந்த வேண்டும். சில கிட்டார்களில் மி.மீ. அளவு, சிலவற்றில் அங்குல அளவு. 3/16 அங்குலத் திருகு நட்டுக்குள் 4.5 மி.மீ. சாவி நுழையும், ஆனால் பிடிக்காது. பலத்தைக் காட்டினால் அறுகோண மூலைகள் மழுங்கும். மழுங்கிய திருகு நட்டுக்கு ஆகும் செலவு வேறு கதை.

சாடிலும் வீட்டில் செய்யக்கூடியதே. 12ஆவது பிரெட் கம்பியின் நடுப்புள்ளி என்பதால் அங்கே கம்பி அரை மி.மீ. இறங்க சாடிலின் அடியில் ஒரு மி.மீ. தேய்க்க வேண்டும். பழைய சாடிலைத் தொடாமல் பத்திரப்படுத்திவிட்டுப் புதிதாக ஒன்றைத் தேய்த்தால் பயமே இல்லை. கம்பி உட்காரும் நட்டில் பள்ளம் அதிகமாகிவிட்டால், ஆப்பசோடாத் தூளில் ஒரு சொட்டு ஃபெவிக்விக் விட்டு நிரப்பிவிட்டு மறுபடி அராவும் வழக்கம் உண்டு. சோடாவின் காரத்தன்மை பசையின் மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோக்கத் தூண்டுவதால் நொடியில் கல்லாகிறது.

அதே ஃபெவிக்விக்கைப் பெயர்ந்த பிரிட்ஜுக்கு ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். ஊற்றாதீர்கள். பழைய கைவினைஞர்கள் பயன்படுத்திய வஜ்ஜிரப் பசை சூடும் ஈரமும் பட்டால் இளகும். மறுபடி பிரித்து ஒட்ட வேண்டியிருக்கும் என்று தெரிந்தே அதை வைத்தார்கள். உடனடிப் பசை மர நாருக்குள் இறங்கி உடையும் தன்மையோடு இறுகுகிறது. பிறகு கிட்டாரை வாங்குகிற ரிப்பேர்காரர் முதலில் நம் வேலையைச் சுரண்டி எடுக்க வேண்டும், அதற்கும் கூலி உண்டு. இதற்குப் பேருந்து ஏறுவதே மலிவு.

பிரெட் தேய்ப்பும் அப்படித்தான். போன உலோகம் திரும்பி வராது. இதில் இன்னொரு சிக்கல்: கூலி கிட்டாரின் விலையைப் பார்ப்பதில்லை, வேலை பிடிக்கும் மணி நேரத்தைப் பார்க்கிறது. லட்ச ரூபாய் கிட்டாரானாலும் ஐந்தாயிரம் ரூபாய் கிட்டாரானாலும் இருபது பிரெட்டையும் ஒவ்வொன்றாகத்தான் தேய்க்க வேண்டும். ஐந்தாயிரம் ரூபாய் வாத்தியத்தைச் சென்னைக்குச் சுமந்துபோய் பிரெட் வேலை பார்ப்பது கட்டுபடியாகாது. அதைத் தூக்கிப்போடவும் வேண்டாம். அரத்தைப் பிடிக்கக் கற்றுக்கொள்ள ஒரு பலகை தேவைப்படுகிறவருக்கு அதைவிட நல்ல பலகை கிடைக்காது.