மூச்சுக்குள் ஒரு சிறு வாயு



சேலையூரிலிருந்து தாம்பரம் வந்து கடற்கரை ரயில் ஏறுகிறவர்களுக்கு அடுத்த நிறுத்தம் சானடோரியம். காசநோயாளர் தங்கிச் சிகிச்சை பெறும் இடத்துக்கு அந்நாளில் வழங்கிய பெயர் அது. 1928ல் டாக்டர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சவுரிமுத்து அங்கே அதைத் தொடங்கினார். (அதற்கு முன்பு இங்கிலாந்தின் மெண்டிப் மலைப்பகுதியில் அவர் நடத்திய சானடோரியத்தில்தான் 1917ல் கணிதமேதை ராமானுஜன் சேர்க்கப்பட்டார்.) காசக்கிருமியைக் கொல்லும் மருந்து அன்று கிடையாது. நல்ல காற்று, நல்ல ஆகாரம், ஓய்வு இவைதான் சிகிச்சை. 1937ல் அரசாங்கம் எடுத்துக்கொண்ட அந்த இடம் இப்போது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை.

காசநோய் குணமான பிறகும் தழும்பேறிய நுரையீரலோடு இளைக்கிறவர்கள், பீடியால் நெஞ்சு கெட்டவர்கள், விறகடுப்பின் முன் ஆயுள் முழுதும் ஊதிய தாய்மார்கள், இவர்களுடைய நாட்பட்ட வியாதியைப் பற்றிப் பேசும்போது நாம் பிராணவாயுவை மாத்திரமே நினைக்கிறோம். நம்முடைய உடலே உண்டாக்கிக்கொள்ளும் இன்னொரு வாயுவும் இதில் சம்பந்தப்பட்டிருக்கிறது. அதன் பெயர் நைட்ரிக் ஆக்ஸைடு. பல் பிடுங்கும்போது கொடுக்கும் நைட்ரஸ் ஆக்ஸைடு வேறு, ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிப் புகையோடு கலந்து நெஞ்சை எரிக்கும் நைட்ரஜன் டை ஆக்ஸைடு வேறு. மூன்றும் உறவுதான், குணம்தான் வேறு.

இரத்தக் குழாயின் உட்சுவரிலுள்ள செல்கள் இவ்வாயுவைச் சிறிது சிறிதாக உண்டாக்கும். அது சில விநாடிகளே நிலைத்திருக்கும். அதற்குள் பக்கத்துத் தசையைத் தளர்த்தி, குழாயை விரித்துவிடும். நெஞ்சுவலிக்காரர்கள் நாக்கின்கீழ் வைக்கும் மாத்திரை வேலை செய்வதும் இவ்வழியாகத்தான். இதைக் கண்டறிந்ததற்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் என்ற மூன்று அமெரிக்கருக்கு 1998ல் நோபல் பரிசு கிடைத்தது. டைனமைட் செய்த நோபலுக்கே கடைசிக் காலத்தில் மருத்துவர் எழுதிக்கொடுத்தது நைட்ரோகிளிசரின் என்பது வேடிக்கையான உண்மை.

நுரையீரல் இரத்த அழுத்தத்தால் நீலம் பாய்ந்து பிறக்கும் சிசுக்களுக்கு இவ்வாயுவை மிகக் குறைந்த அளவில் சுவாசிக்கக் கொடுக்க 1999ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அப்படியானால் பீடியால் மூச்சு முட்டும் பெரியவருக்கும் இதையே கொடுத்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். ஆனால் கொடுத்துப் பார்த்தபோது பல நோயாளிகளின் இரத்தத்தில் பிராணவாயு கூடுவதற்குப் பதிலாகக் குறைந்தது.

காரணத்தை நம் ஏரிப் பாசனத்தை வைத்துச் சொல்லலாம். நாற்று நட்ட வயலுக்கு மதகைத் திறப்போம். தரிசாய்க் கிடக்கும் வயலுக்கு அடைத்துவிடுவோம். நுரையீரலும் அப்படியே செய்கிறது. காற்று நன்றாய் வராத பகுதிகளில் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, காற்று வரும் பகுதிக்கு இரத்தத்தைத் திருப்பிவிடுகிறது. வெளியிலிருந்து வாயுவைக் கொடுத்தால் அடைத்த மதகுகளும் திறந்துகொள்ளும். இரத்தம் தரிசில் பாய்ந்து, பிராணவாயுவை ஏற்றிக்கொள்ளாமலே திரும்பிவிடும்.

புகையின் கதை இன்னும் சிக்கலானது. சிகரெட் புகையிலேயே இவ்வாயு ஏராளமாய் உண்டு. அதனால் உடல் தன் சொந்த உற்பத்தியைக் குறைத்துக்கொள்கிறது. அதேசமயம் அழற்சி கண்ட செல்களில் வேறொரு நொதி விழித்துக்கொண்டு அளவுக்கு மிஞ்சி வாயுவைச் சுரக்கிறது. அது புகையால் பிறக்கும் வேறு கூட்டுப்பொருட்களோடு சேர்ந்து, பெராக்சிநைட்ரைட் என்னும் கொடிய பொருளாகித் திசுக்களை அரிக்கிறது. ஜெர்மனியில் கீசன் நகர ஆராய்ச்சியாளர்கள் பல மாதங்கள் புகையில் வைத்த எலிகளுக்கு இந்த நொதியைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தபோது, சிதைந்த காற்றறைகள் சீரடைந்ததாக 2011ல் தெரிவித்தார்கள். மனிதருக்கு அப்படியொரு மருந்து இன்னும் வரவில்லை. காசநோயில் நிலைமை தலைகீழ். இதே நொதி இல்லாத எலிகள் காசக்கிருமிக்குச் சீக்கிரம் பலியானதை 1997ல் கண்டார்கள். ஆகவே கண்ணை மூடிக்கொண்டு கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது.

இவ்வாயுவால் இன்று நேரடியாகப் பலன் பெறுகிறவர்கள் ஆஸ்துமாக்காரர்கள். மனிதர் வெளிவிடும் மூச்சில் இது இருப்பதை 1991ல் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானிகள் கண்டார்கள். ஆஸ்துமாவில் அது கூடுகிறது என்று 1993ல் தெரியவந்தது. சிறு கருவியில் ஒரே சீராக ஊதினால் போதும், எண் வந்துவிடும். பெரியவர்களில் நூறு கோடிப் பங்குக் காற்றில் 25 பங்குக்குக் கீழே இருந்தால் குறைவு. 50க்கு மேல் போனால் ஸ்டீராய்டு இன்ஹேலர் கேட்கும் வகை அழற்சி இருக்கக்கூடும். வீசிங் நின்றதும் பம்பை நிறுத்திவிட்டேன் என்று சொல்கிறவரிடம், உள்ளே புண் ஆறவில்லை என்பதைக் காட்ட இந்த எண் உதவுகிறது. ஆனால் புகைபிடிப்பவருக்கு எண் குறைவாகவே வரும். அதைப் பார்த்து நுரையீரல் சுத்தமாக இருக்கிறது என்று யாரும் தேறிக்கொள்ள வேண்டாம். சி.ஓ.பி.டி. என்னும் புகை நோய்க்கு முதலில் வேண்டியது ஸ்பைரோமெட்ரி. ஸ்டீராய்டு தேவையா என்பதற்கு மருத்துவர்கள் இரத்தத்திலுள்ள ஈயோசினோபில் எண்ணிக்கையையே பெரும்பாலும் பார்க்கிறார்கள்.

பாடகர் குழுவினருக்கு ஒரு செய்தி. மூக்கையொட்டிய எலும்பறைகளில் இவ்வாயு நிறைய உண்டாகிறது. வாய் மூடி ‘ம்’ என்று முனகும்போது மூக்கிலிருந்து வரும் அளவு சுமார் 15 மடங்காகிறதென்று 2002ல் ஸ்வீடனில் அளந்தார்கள். முனகினால் சி.ஓ.பி.டி. தீரும் என்று இதற்குப் பொருளல்ல. உடற்பயிற்சிக் கடைகளில் ‘நைட்ரிக் ஆக்ஸைடு பூஸ்டர்’ என்று விற்கும் பொடிகளும் கெட்ட நுரையீரலை ஆற்றும் என்பதற்குச் சான்றில்லை. நெஞ்சுவலி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேளாமல் அதைத் தொடவே கூடாது. இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிவிடக்கூடும்.