நிழல் மறையும் வேளை

ஏப்ரல் மாத நடுவில் ஒரு நாள் பகல் 12.20 மணியளவில் திண்டுக்கல் மணிக்கூண்டருகே நின்று பாருங்கள். உங்கள் நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும். ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் இதே காட்சிதான். திண்டுக்கல் ஏறக்குறைய 10 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், ஆண்டுக்கு இருமுறை சூரியன் இங்கு நேர் உச்சியில் நிற்கிறது.

அப்போது கதிர்கள் காற்று மண்டலத்தில் கடக்கும் தூரம் மிகக் குறைவு. எனவே, கண்ணுக்குப் புலப்படாத புற ஊதாக் கதிர்கள் மிகுதியாகத் தரையை எட்டுகின்றன. இவற்றில் 'சி' வகையைக் காற்று மண்டலமே முற்றிலும் தடுத்துவிடுகிறது. 'பி' வகையில் பெரும்பகுதியை ஓசோன் வாயு உறிஞ்சுகிறது. இந்த ஓசோனின் அளவை நம் கொடைக்கானல் மலையில் 1957-ல் தொடங்கிப் பல்லாண்டுகள் அளந்திருக்கிறார்கள்.

தப்பி வரும் சிறு பகுதி என்ன செய்யும்? செல்லின் உட்கருவிலுள்ள டி.என்.ஏ.யைத் தாக்கும். அதில் அடுத்தடுத்துள்ள இரு தைமின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். செல் பிரியும்போது இதனால் பிழைகள் நேரலாம். தோல் புற்றுநோயும் தோன்றலாம்.

முருங்கை மரம் நிழலைத் தேடி ஓட முடியாது. ஆனால், அதன் இலையில் ஃபிளேவனாய்டுகள் என்னும் பொருள்கள் உள்ளன. இவை ஒளிச்சேர்க்கைக்கு வேண்டிய ஒளியை உள்ளே விட்டு, புற ஊதாவைத் தடுக்கின்றன. மீறி ஒட்டிக்கொண்ட தைமின்களை ஒரு நொதி பிரித்துவிடும். அந்த நொதிக்கு ஆற்றல் தருவது எது தெரியுமா? அதே சூரியனின் நீல ஒளி!

நமக்கு அந்த நொதி இல்லை. பழுதான பகுதியை வெட்டியெடுத்துப் புதிதாக நிரப்பும் வேறு நொதிகள் உண்டு. தோலின் கருநிறமியான மெலனின், தோல் செல்களின் உட்கருவுக்கு மேலே குடைபோல் கவிந்து காக்கிறது. பழுதான தோல் செல்கள் உதிர்ந்து புதியவை வளர்கின்றன.

கண்ணின் லென்சுக்கு இந்த வசதி இல்லை. அதன் மையத்திலுள்ள புரதங்கள் பிறந்தபோது இருந்தவையே. அவை ஒருபோதும் மாற்றப்படுவதில்லை. ஆண்டுக்கணக்கில் வெயில் பட்டால் அவை சிதைந்து கலங்குகின்றன. கண்புரைக்கு முதற்காரணம் முதுமை. வெயில் அதை விரைவுபடுத்துகிறது.

வெங்காய வயலில் வேலை செய்யும் பெரியவர்களைப் பாருங்கள். தலையில் கட்டிய துண்டு தலையைக் காக்கும், கண்ணைக் காக்காது. அகன்ற விளிம்புள்ள ஓலைத் தொப்பி இரண்டையும் காக்கும்.

இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். நிழல் உங்கள் உயரத்தைவிடக் குறுகிவிட்டதா? கண்ணுக்கும் நிழல் தேட வேண்டிய வேளை அது. இதை இன்றே உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லுங்கள்.