குழிக்குள் நின்ற கணவன்

வாளும் விசைப்பலகையும் – 9

கவசத்தின் எடையைக் கணினி விளையாட்டுகள் எப்படிக் கணக்கிடுகின்றன என்று சென்ற வாரம் பார்த்தோம். அதைவிடச் சிக்கலான கணக்கு ஒன்று உண்டு. அந்தக் கவசத்துக்குள் இருப்பது ஆணா, பெண்ணா?

1978-இல் வந்த, மேசையில் ஆடும் பாத்திர விளையாட்டான 'அட்வான்ஸ்ட் டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' விதிநூல், மனித ஆணின் வலிமைக்கு 18/00 (18-க்கு மேல் நூறு சதவீதம்) என்றும் பெண்ணுக்கு 18/50 என்றும் உச்சவரம்பு போட்டது. 1989-இன் இரண்டாம் பதிப்பில் அந்த வரம்பு போய்விட்டது. 2008-இல் துருக்கியிலிருந்து வந்த 'மவுண்ட் அண்டு பிளேட்' கணினி விளையாட்டு கொஞ்சம் நயமாக நடந்துகொண்டது. ஆணைத் தேர்ந்தெடுத்தால் வலிமையில் ஒரு புள்ளி கூடும். பெண்ணைத் தேர்ந்தெடுத்தால் சுறுசுறுப்பில் கூடும்.

இரண்டுமே எனக்கு நிறைவு தரவில்லை. வேறுபாடே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. சராசரிப் பெண்ணின் மேலுடல் வலிமை, சராசரி ஆணுடையதில் ஏறக்குறைய பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்குதான். கால்களில் இந்த இடைவெளி குறைவு. கைப்பிடியில் மிக அதிகம்: 2007-இல் வெளியான ஒரு ஜெர்மானிய ஆய்வில், 90 சதவீதப் பெண்களின் பிடி 95 சதவீத ஆண்களின் பிடியைவிடத் தளர்வாக இருந்தது. கடுமையாகப் பயிற்சி செய்த வீராங்கனைகள்கூடப் பயிற்சியில்லாத சராசரி ஆணை அரிதாகவே தாண்டினார்கள். இதை மறைப்பதில் பெண்களுக்கு ஒரு மரியாதையும் இல்லை.

ஆனால் இந்த வேறுபாடு எல்லா ஆயுதத்திலும் ஒரே அளவில் வெளிப்படாது. இதைத்தான் விளையாட்டுகள் கோட்டைவிடுகின்றன. பல விளையாட்டுகளில் ஒல்லியான பெண் பாத்திரத்தின் கையில் முதலில் கொடுக்கப்படுவது வில். 1545-இல் மூழ்கிய 'மேரி ரோஸ்' கப்பலிலிருந்து எடுத்த ஆங்கிலேய நெடுவில்களை முழுதாக இழுக்க 100 முதல் 185 பவுண்டு விசை தேவைப்பட்டிருக்கும் என்கிறார்கள். சிறுவயது முதல் பழகிய ஆண்களுக்கே அது முதுகை முறிக்கும் வேலை. தோளும் முதுகும் மிக அதிகமாகத் தேவைப்படும் ஆயுதத்தை மென்மையான ஆயுதம் என்று நினைத்துவிட்டார்கள்!

வாளின் கதை வேறு. நீள்வாள் ஒன்றின் எடை சுமார் ஒன்றரை கிலோ. கவசமில்லாத கழுத்தில் அதன் நுனி இறங்கப் பெரிய பலம் வேண்டாம்; தூரமும் நேரமும் பிசகாமல் இருந்தால் போதும். 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் எழுதப்பட்டு, இன்று லீட்ஸ் ஆயுத அருங்காட்சியகத்தில் இருக்கும் வாட்பயிற்சிச் சுவடியின் இறுதிப் பக்கங்களில், வால்பர்கிஸ் என்ற பெண் வாளும் சிறு கேடயமுமாகப் பாதிரியாரோடு பயிற்சி செய்கிறாள். பொறிகள் வந்துவிட்டால் தோள்வலிமை இன்னும் பின்னுக்குப் போகிறது. 1218-இல் துலூஸை முற்றுகையிட்ட சிலுவைப்போர்த் தளபதி சிமோன் டி மோன்ட்ஃபோர்ட், தலையில் கல் விழுந்து இறந்தார். அந்தக் கல்லெறி பொறியை இயக்கியவர்கள் நகரத்துப் பெண்கள் என்கிறது அக்காலக் காவியம் ஒன்று.

இடைக்கால மனிதர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. ஹான்ஸ் டால்ஹோஃபர் என்ற ஆசான் 1467-இல் உருவாக்கிய சண்டைச் சுவடியில், வழக்கைத் தீர்க்க ஆணும் பெண்ணும் மோதும் நீதிப்போர் வரையப்பட்டிருக்கிறது. பொதுவாகக் கணவன் மனைவி என்று கொள்கிறார்கள். ஆண் இடுப்பளவு குழிக்குள் நிற்கிறான், கையில் தடி. பெண் தரையில் சுதந்திரமாக நடமாடுகிறாள். கையில் துணியில் முடிந்த கல். ஓர் ஓவியத்தில் அவன் அவளைத் தலைகீழாகக் குழிக்குள் இழுக்கிறான். இன்னொன்றில் அவள் அவன் கழுத்தைப் பிடித்து வெளியே இழுக்கிறாள். அவன் கைகளின் பலத்தை யாரும் குறைக்கவில்லை. கால்களைக் கட்டிப்போட்டுவிட்டார்கள். பிடிக்குள் சிக்கினால் அவள் பாடு திண்டாட்டம். எட்ட நின்றால் அவளுக்கு வாய்ப்பு உண்டு. விளையாட்டு வடிவமைப்பாளர்கள் இந்த ஓவியங்களை எதிரில் வைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும்.

பிராக் நகரின் வார்ஹார்ஸ் நிறுவனம் 2018-இல் தந்த 'கிங்டம் கம்: டெலிவரன்ஸ்', 1403-ஆம் ஆண்டு பொஹீமியாவை அக்கறையோடு கட்டியெழுப்பியது. நாயகன் ஹென்றி மட்டும்தான். மறு ஆண்டு வந்த இணைப்பில் தெரேசாவாக விளையாடலாம்; சூறையாடப்படும் ஊரில் உயிர்பிழைக்கும் பெண்ணாக அவளைக் காட்டினார்கள். நேர்மையான கதைதான். ஆனால் பயிற்சி பெற்ற ஒருத்தி வாளெடுத்தால் என்ன ஆகும் என்ற கேள்வியை அது தொடவில்லை.

தொடும் விளையாட்டு இப்படி இருக்கட்டும்: நெடுவில்லை அவளால் பாதிதான் இழுக்க முடியட்டும். சக்கரம் சுற்றி நாணேற்றும் குறுக்குவில்லின் அம்பு யார் கையிலிருந்தாலும் ஒரே வேகத்தில் பாயட்டும். வாள்கள் பின்னிக்கொண்டு மல்யுத்தமாக மாறும் கணத்தில் எடையும் பிடியும் பேசட்டும், அதற்கு முன்பே விலகிக் குத்தத் தெரிந்தவளுக்கு அந்தக் கணம் வராமலே போகட்டும்.