இஸ்திரிப் பெட்டியில் உருவாகும் சர்க்யூட்

காஞ்சிபுரத்துப் பட்டுத்தறியில் ஜக்கார்டு அட்டைகள்தான் புட்டாவின் உருவத்தை முடிவு செய்கின்றன. அட்டையில் துளை இருந்தால் பாவு இழை எழும்பும். இல்லையென்றால் அப்படியே கிடக்கும். இப்போது சில தறிகளில் அட்டைக் கட்டுகளுக்குப் பதிலாக மின்னணு ஜக்கார்டு உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பெட்டிக்குள் மின்சாரம் ஓட வேண்டிய வழியெல்லாம் செம்புக் கோடுகளாகப் பலகையில் பதிந்திருக்கும். அதுதான் பி.சி.பி. எனப்படும் அச்சிட்ட மின்சுற்றுப் பலகை. எளிய பலகை ஒன்றை நாமே வீட்டில் செய்யலாம்.

செம்பு ஒட்டிய வெற்றுப் பலகை சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். செம்பின் கனம் பெரும்பாலும் 35 மைக்ரான், ஏறக்குறைய தலைமுடியின் கனத்தில் பாதி. அதில் கோடுகளை வரைவதில்லை. கோடுகளை மட்டும் விட்டுவிட்டு மீதிச் செம்பைக் கரைத்துவிடுகிறோம். அப்படியானால், கரையக் கூடாத இடத்தைக் காப்பது எது?

லேசர் பிரிண்டரின் டோனர்! அது மை அல்ல. நிறமேற்றிய பிளாஸ்டிக் தூள். 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியாவில் செஸ்டர் கார்ல்சன் நிலைமின்சாரத்தால் தூளை ஈர்த்து முதல் நகலை எடுத்தார். நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளுக்கெல்லாம் மூலம் அதுதான். லேசர் பிரிண்டரிலும் நிலைமின்சாரம் தூளை இடம் பார்த்து நிறுத்தும். சூடான உருளை அதை உருக்கித் தாளில் ஒட்டும். ஒருமுறை உருகிய பிளாஸ்டிக் மறுபடியும் உருகும் என்பதில்தான் மொத்த வித்தையும் இருக்கிறது.

சர்க்யூட் படத்தை வழவழப்பான பத்திரிகைத் தாளில், கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றி அச்சிட வேண்டும். நன்கு தேய்த்துச் சுத்தம் செய்த செம்பின் மேல் அதைக் கவிழ்த்து, இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால் டோனர் உருகிச் செம்பைப் பற்றிக்கொள்ளும். பிறகு தண்ணீரில் ஊறவைத்தால் தாளின் களிமண் பூச்சு இளகும். தாள் உரிந்து வந்துவிடும், கோடுகள் செம்பிலேயே தங்கிவிடும். இங்க்ஜெட் மையிலோ பிளாஸ்டிக் இல்லை. அதனால் அது உதவாது.

அடுத்து, பிளாஸ்டிக் தட்டில் ஃபெரிக் குளோரைடு கரைசல். அதிலுள்ள இரும்பு அயனிகள் செம்பு அணுக்களிடமிருந்து எலெக்ட்ரான்களைப் பறிக்க, அவற்றை இழந்த செம்பு கரைசலுக்குள் போய்விடுகிறது. டோனரை மட்டும் அதனால் தொட முடியாது. தட்டை மெல்ல ஆட்டிக்கொண்டே இருந்தால் வேலை விரைவாக முடியும். முடிந்ததும் உடனே எடுத்துவிட வேண்டும்; இல்லாவிட்டால் கரைசல் டோனருக்கு அடியில் பக்கவாட்டிலும் அரித்துக் கோட்டை மெலிய வைக்கும். முதல் முயற்சியில் அரை மில்லிமீட்டருக்குக் குறையாத கோடுகளே நல்லவை.

பிறகு டோனரைத் தின்னரால் துடைத்தால் செம்புக் கோடுகள் பளிச்சென்று தெரியும். துளை போட்டு, உறுப்புகளைப் பொருத்தி, ஈயப் பற்று வைத்தால் பலகை தயார்.

கையுறையும் கண்ணாடியும் அணிந்து, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். இரும்பு, அலுமினியப் பாத்திரங்கள் வேண்டாம். கரைசல் அவற்றையும் அரிக்கும். பயன்படுத்திய கரைசலைச் சாக்கடையில் மட்டும் ஊற்றாதீர்கள். அதில் கரைந்திருக்கும் செம்பு, நீர்நிலையைச் சேர்ந்தால் மீன்களுக்கு நஞ்சு.