உயிர்த்த ஞாயிறு: சாட்சியும் நம்பிக்கையும்

ஈஸ்டர் வந்தால் எங்கள் குடியிருப்பில் பக்கத்து வீட்டுக் கேக் வரும். கூடவே பிள்ளைகளின் கேள்வியும் வரும்: “இறந்தவர் நிஜமாகவே எழுந்தாரா?” “அது அவர்கள் நம்பிக்கை” என்று பேச்சை மாற்றிவிடுவது நம்மில் பலரின் வழக்கம். இம்முறை சற்று நின்று பார்ப்போமே.

இயேசு சிலுவையில் மரித்தது ஏறத்தாழ கி.பி. 30இல். உயிர்த்த இயேசுவைக் கண்டவர்களின் பட்டியலாக நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்று, ஏறக்குறைய கி.பி. 55இல் பவுல் கொரிந்து நகரச் சபைக்கு எழுதிய கடிதம். இயேசுவைக் கண்டவர்கள் என்று பேதுரு, யாக்கோபு முதலியோரையும், ஐந்நூற்றுக்கு மேற்பட்ட பிறரையும் அதில் குறிப்பிடுகிறார். அது தமக்கு முன்பே வழங்கிவந்த செய்தி என்றும் சொல்கிறார். ஆனால் காலியான கல்லறையை அவர் குறிப்பிடவில்லை.

கல்லறைச் செய்தி, பின்னர் எழுதப்பட்ட நற்செய்தி நூல்களில் வருகிறது. அவை விவரங்களில் ஒத்துப்போவதில்லை. கல்லறைக்குச் சென்ற பெண்கள் மத்தேயுவில் இருவர், மாற்கில் மூவர். சீடர்கள் இயேசுவைக் கண்டது மத்தேயுவில் கலிலேயா, லூக்காவில் எருசலேம்.

மறுப்போர் இந்த முரண்களையே சுட்டுகின்றனர். சீடர்களே உடலை எடுத்துச் சென்றனர் என்றார் 18ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய அறிஞர் ரைமாருஸ். சீடர்கள் கண்டது மனக்காட்சியே என்றார் அடுத்த நூற்றாண்டின் ஸ்ட்ராஸ்.

ஏற்போர் திருப்பிக் கேட்கின்றனர்: கதை கட்டுபவர்கள் பெண்களையா முதல் சாட்சியாக நிறுத்துவார்கள்? பெண்களின் சாட்சியம் செல்லாது என்று முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸே எழுதியிருக்கிறார். அஞ்சி ஓடிய சீடர்கள் பிறகு துணிந்து நின்றது எப்படி? யூத அறிஞர் பின்காஸ் லபீடே, இயேசுவை இஸ்ரவேலின் மேசியா என ஏற்காமலே, உயிர்த்தெழுதல் நடந்த நிகழ்ச்சிதான் என்று 20ஆம் நூற்றாண்டில் வாதிட்டார்.

இயேசுவைக் கண்டதாகச் சீடர்கள் மிக விரைவிலேயே உறுதியாக நம்பினர் என்பதுவரை வரலாறு நம்மை அழைத்துச் செல்கிறது. அவர்கள் கண்டது என்ன என்பதை அது தீர்த்துவைப்பதில்லை. அதற்கு மேல் எடுக்கும் அடி நம்பிக்கையின் அடி.

பொருள் என்ன? இது நாம் அறிந்த மறுபிறவி அன்று. உடல் அழிந்தாலும் ஆன்மா அழியாது என்பதும் அன்று. லாசரு எழுந்ததுபோல, மீண்டு வந்து பின்னொரு நாள் இறப்பதும் அன்று. இனிச் சாவே இல்லாத புதிய வாழ்வு என்பதே கிறிஸ்தவர் கொள்கை.

சிலுவை, அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் ரோமாபுரி தந்த இழிவான தண்டனை. குற்றவாளி என்று அரசு கொன்ற ஒருவரைக் கடவுள் எழுப்பினார் என்றால், அந்தத் தீர்ப்பு தள்ளுபடியாயிற்று என்றே பொருள். நீதி கேட்டு மாண்டவர் கதை மண்ணோடு முடிவதில்லை என்று எளியவர்கள் இதிலிருந்து தெம்பு பெற்றனர்.

அடுத்த ஈஸ்டருக்குப் பிள்ளைகள் கேட்டால், இரு தரப்பையும் சொல்லுவோம். பிறகு பக்கத்து வீட்டாரிடமே, “உங்களுக்கு இதன் பொருள் என்ன?” என்று கேட்டுவரச் சொல்லுவோம்.