தோலும் இரண்டு ஊசிகளும்

கோடை விடுமுறையில் நமது சங்க அரங்கில் பிள்ளைகளுக்காக நடந்த தோல் வேலை வகுப்பைப் பார்த்த பெற்றோர்கள் பலர், "எங்களுக்கும் கொஞ்சம் எழுதிக் கொடுங்களேன், வீட்டில் செய்து பார்க்கிறோம்" என்று கேட்டார்கள். ஆசிரியர் குழுவும் பக்கம் ஒதுக்கிவிட்டது. நான் தொழில்முறைக் கைவினைஞன் அல்லன்; வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் பழகிய கை இது. அந்த அளவில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் தோல். கருவி வாங்குவதற்கு முன்பே தோலைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் கடையில் கிடைக்கும் தோலில் பெரும்பகுதி நம் வேலைக்கு உதவாது.

தோல் பதனிடுவதில் இரண்டு பெரிய முறைகள் உண்டு. மரப்பட்டை, காய், இலை இவற்றில் உள்ள துவர்ப்புப் பொருளைக் கொண்டு வாரக்கணக்கில் ஊறவைத்துப் பதனிடுவது ஒன்று. நம் தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இதற்குப் பேர் போனவை. திருச்சி, திண்டுக்கல் பக்கத்துத் தோல் 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்ற பெயரில் கடல் கடந்து போனது. இன்று அதற்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. மற்றொன்று குரோமியம் உப்பைக் கொண்டு ஓரிரு நாளில் பதனிடுவது. இது 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் தொடங்கியது. சென்னையில் இதைப் பரிசோதித்துப் பரப்பியவர் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயர். 1903-ஐ ஒட்டிய ஆண்டுகள் அவை. அவருடைய முயற்சியில் கைப்பையோடும் காலணியோடும் நம்முடைய கவலை ஏற்றமும் சேர்ந்திருந்தது! கிணற்றிலிருந்து மாடு கட்டி நீர் இறைக்கும் கவலையின் தோல் எப்போதும் தண்ணீரிலேயே கிடந்து சீக்கிரம் இற்றுப் போகும். குரோம் தோல் தண்ணீரை அதிகம் தாங்கும். கொங்கு நாட்டிலோ மதுரைப் பக்கத்திலோ பிறந்த பெரியவர்களுக்குக் கவலை ஓட்டிய சத்தம் இன்னும் காதில் இருக்கும்.

குரோம் தோல் மென்மையானது, பல வண்ணங்களில் கிடைக்கும், மழைக்கு அஞ்சாது. ஆனால் கையால் வேலை செய்கிறவனுக்குப் பட்டைத் தோல்தான் தோழன். நனைத்தால் வளையும், அச்சுப் பதித்தால் பதியும், ஓரத்தைத் தேய்த்தால் கண்ணாடிபோல் பளபளக்கும். குரோம் தோலின் ஓரம் எவ்வளவு தேய்த்தாலும் பஞ்சு பஞ்சாகவே நிற்கும். அதை மடித்துத் தைக்க வேண்டும், அல்லது ஓரச் சாயம் பூச வேண்டும்.

இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். நடுவில் நீலம் அல்லது சாம்பல் நிறக் கோடு தெரிந்தால் பெரும்பாலும் குரோம். முழுக்கப் பழுப்பாக இருந்தால் பட்டைத் தோலாக இருக்க வாய்ப்பு அதிகம். சாயம் பூசாத பகுதியில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். பட்டைத் தோல் உடனே குடித்துக் கருக்கும். பின்பக்கத்தில் துணி நெசவு தெரிந்தால் அது தோலே அல்ல, ரெக்சின். கடைக்காரர் எவ்வளவு சத்தியம் செய்தாலும் சரி.

மும்பையில் தோல் என்றால் தாராவிதான். சயான்–பாந்த்ரா இணைப்புச் சாலையில், காலா கில்லா பக்கம் வரிசையாகத் தோல் பொருள் கடைகள். பை, பெல்ட் விற்கும் கடைகளுக்குப் பின்னால் உள்ள சந்துகளில் தோலாகவே விற்பவர்களும், பக்கிள், பொத்தான், நூல், பசை விற்பவர்களும் இருக்கிறார்கள். இந்தத் தொழிலைத் தாராவியில் ஊன்றியவர்களில் நம்மவர்கள் முக்கியமானவர்கள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து திருநெல்வேலிச் சீமையின் முஸ்லிம் வணிகர்கள் இங்கே பதனிடும் கூடங்களை வைத்தார்கள். அங்கே உழைத்தவர்களில் பலர் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒடுக்கப்பட்ட மக்கள். பதனிடும் கூடங்கள் ஊரைவிட்டுப் போய்விட்டன. தைக்கும் வேலை தங்கிவிட்டது. இப்போது மறுசீரமைப்புத் திட்டம் நடைபெறுவதால் கடைகள் இடம் மாறக்கூடும். போவதற்கு முன் விசாரித்துக்கொண்டு போங்கள். தமிழில் பேரம் பேச இன்றும் ஆள் உண்டு.

தோலைச் சதுர அடிக் கணக்கில் விற்பார்கள். தடிமன் மில்லிமீட்டரில். பணப்பைக்கு 1 மி.மீ., கண்ணாடி உறைக்கு 2, இடுப்பு வாருக்கு 3 முதல் 3.5 வரை. மகாராஷ்டிரத்தில் 2015-இல் காளை, எருது வெட்டுவதும் தடைசெய்யப்பட்ட பிறகு இங்கே எருமைத் தோலும் ஆட்டுத் தோலுமே மிகுதி. எருமைத் தோல் முரட்டுத்தனமாகத் தெரிந்தாலும் வாருக்கு உகந்தது. ஒரு விஷயம்: முதுகெலும்பு ஓடிய பகுதி இறுக்கமாக இருக்கும், வயிற்றுப் பகுதி இழுபடும். வாரை முதுகுக்கு இணையாக வெட்டவில்லை என்றால் ஆறே மாதத்தில் பக்கிளுக்குப் புதுத் துளை போட வேண்டி வரும்.

இனிக் கருவிகள். வெளிநாட்டுப் பெட்டி ஒன்றில் 40 கருவி வருகிறது என்று விளம்பரம் பார்த்து ஏமாற வேண்டாம். கூரிய கத்தி, இரும்பு அளவுகோல், குத்தூசி, இரண்டு ஊசி, நூல், மெழுகு. இவ்வளவு போதும். பிள்ளைகளின் ஜியாமெட்ரி பெட்டியில் இரண்டு முனையும் கூராக இருக்கும் டிவைடர் கிடக்குமே, அதை 3 மி.மீ. விரித்து ஒரு முனையைத் தோலின் ஓரத்தில் ஓட்டினால் மறுமுனை தையல் கோட்டைக் கீறிவிடும். அந்தக் கோட்டின்மேல் வரைபடத் தாளின் ஒரு கீற்றை ஒட்டி, 4 மி.மீ.க்கு ஒன்றாகக் குத்தினால் துளைகள் படைவீரர்போல் வரிசையாக நிற்கும்.

தெருவோரம் செருப்புத் தைப்பவர்களிடம் பட்டையாக, அகலமாக ஓர் உளி இருக்கும். இந்தியில் ராம்பி என்பார்கள். வெட்டுவதற்கும் தோலின் பின்பக்கத்தைச் சீவி மெலிதாக்குவதற்கும் அந்த ஒன்றே போதும். கொக்கி வைத்த குத்தூசியை ஆரி என்பார்கள். அதைக் குத்திக் கீழிருந்து நூலை வளையமாக மேலே இழுத்து, மறுமுனையை வளையத்துக்குள் விடுவார்கள். வேகமான தையல். எனக்கு இவற்றைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் ரயில் நிலையப் படிக்கட்டின் அடியில் அமர்ந்து வேலை செய்யும் மராட்டியப் பெரியவர். கோடை வகுப்புக்கு வந்தவரும் அவரே.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போவது சரியல்ல. வகுப்பு தொடங்குமுன் செயற்குழுவில் ஒரு மூத்த உறுப்பினர் எழுந்து, "நம் பிள்ளைகளுக்கு எதற்கு சார் இந்த வேலை? கீபோர்டு சொல்லிக் கொடுக்கலாமே" என்றார். அவர் நல்ல ரசிகர், சண்முகானந்தா அரங்கில் தனியாவர்த்தனம் முடியும்வரை எழுந்திருக்காதவர். "மிருதங்கத்தில் என்ன இருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? மாட்டுத் தோல், ஆட்டுத் தோல், எருமைத் தோல் வார்" என்றேன். மிருதங்கம் செய்யும் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020-இல் எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' நூலையும் அவரிடம் கொடுத்தேன். படித்தாரா தெரியாது. அடுத்த கேள்வி ஊதியம். வயலின் ஆசிரியருக்கு மணிக்கு என்ன கொடுக்கிறோமோ அதையே இவருக்கும் கொடுக்க வேண்டும் என்றேன். அது முடிவாக இரண்டு கூட்டங்கள் ஆயின. முடிவாயிற்று. வகுப்பில் பெரியவர் வழக்கப்படி தரையில் அமர்ந்தார். அப்படி உட்கார்ந்தால்தான் முழங்காலுக்கிடையே தோலைப் பிடிக்க வரும். பிள்ளைகளும் நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு "காகா, காகா" என்று அவரைச் சுற்றித் தரையில் அமர்ந்துகொண்டார்கள். மூத்த உறுப்பினரின் பேத்தி முன்வரிசையில்.

தையலுக்கு வருவோம். வீட்டில் பழகுவதற்கு நான் சொல்வது இரட்டை ஊசித் தையல், குதிரைச் சேணம் தைப்பவர்களின் முறை. தைக்க வேண்டிய நீளத்தைப்போல் 4 மடங்கு நூல், அதற்குமேல் ஒரு முழம். நூலைத் தேன்மெழுகின்மேல் இரண்டு மூன்று முறை இழுத்தால் வழுக்காது, சீக்கிரம் இற்றும் போகாது. இரண்டு முனையிலும் ஊசி. ஊசிமுனை மழுங்கலாக இருக்க வேண்டும். துளை போடுவது குத்தூசியின் வேலை, ஊசி வழியைக் கண்டுபிடித்தால் போதும். சாதாரண ஊசியானால் முனையை அம்மிக்கல்லில் தேய்த்துக்கொள்ளுங்கள்.

முதல் துளையில் நூலைக் கோத்து இருபுறமும் சமமாக்குங்கள். அடுத்த துளையில் இடது ஊசியை முதலில் விடுங்கள். அதன் நூலைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டு, அதே துளையில் வலது ஊசியை விடுங்கள். பின்னுக்கு இழுப்பது எதற்கென்றால், இரண்டாவது ஊசி முதல் நூலைக் குத்திவிடக் கூடாது. பிறகு இரு கைகளாலும் ஒரே அளவு இழுங்கள். இடது முதலில் என்றால் கடைசிவரை இடதுதான் முதலில். மாற்றி மாற்றிச் செய்தால் தையல் கோணிக்கொள்ளும். முடிவில் மூன்று துளை பின்னோக்கித் தைத்து நூலை ஒட்ட வெட்டுங்கள். பாலியெஸ்டர் நூலானால் ஊதுபத்தி நுனியால் தொட்டால் உருகி நிற்கும்.

எந்திரத் தையலைவிட இது ஏன் உறுதி? எந்திரத்தில் மேல்நூல் மேலேயும் கீழ்நூல் கீழேயும் ஓடி, நடுவில் கொக்கிபோல் மாட்டிக்கொள்கின்றன. ஒரு நூல் அறுந்தால் அடுத்தடுத்து அவிழும். இரட்டை ஊசியில் ஒவ்வொரு துளையிலும் இரண்டு நூலும் முழுதாகக் கடந்து போகின்றன. ஒன்று அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். வேகத்தில் எந்திரத்தோடு போட்டி போட முடியாது, உண்மைதான். போட்டி போடத் தேவையும் இல்லை.

முதல் வேலையாகக் கண்ணாடி உறை செய்யுங்கள். மடித்த மூக்குக் கண்ணாடியைச் சுற்றி ஒரு காகிதக் கீற்றால் அளந்து, தையலுக்கும் தடிமனுக்குமாக 2.5 செ.மீ. கூட்டுங்கள். நேராகத் தோலில் கை வைக்காமல் தடித்த அட்டையில் வெட்டிக் கண்ணாடியை நுழைத்துப் பாருங்கள். சரியாக வந்த பிறகு தோல். கத்தியை ஒரே இழுப்பில் அழுத்தாமல் இலேசாக இரண்டு மூன்று முறை ஓட்டுங்கள். அளவுகோலைப் பிடித்த கைவிரல் கத்தியின் பாதையில் இருக்கக் கூடாது. மழுங்கிய கத்திதான் வழுக்கி விரலை வெட்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். 10 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் குத்தூசியும் கத்தியும் வேண்டாம், தைப்பதை மட்டும் கொடுங்கள்.

உறையின் வாய்ப்பகுதியை ஒட்டுவதற்கு முன்பே தேய்த்து முடித்துவிட வேண்டும்; பிறகு கை நுழையாது. ஒட்டும் இடத்தைச் சொரசொரப்பாக்கி, ரப்பர் பசையை இருபக்கமும் பூசி, காய்ந்து பிசுபிசுப்பு நிலைக்கு வந்ததும் அழுத்துங்கள். சன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், அந்த வாடை தலைவலி தரும். தைத்து முடித்ததும் ஓரத்தைச் சிறிது சோப்பு நீரில் நனைத்து, வழவழப்பான மரக்கட்டையால் சூடு ஏறும்வரை தேயுங்கள். கடைசியில் கொஞ்சம் தேன்மெழுகு. எனக்கு இந்த வேலை முழுவதிலும் பிடித்தது இதுதான். பழுப்பு ஓரம் மெல்ல மெல்லக் கறுத்து மின்னத் தொடங்கும்போது, கூப்பிட்டாலும் சாப்பிட எழுந்து வரமாட்டேன் என்பது வீட்டில் புகார்.

ஈரமான பட்டைத் தோலை இரும்பு தொடக் கூடாது. அளவுகோலை அதன்மேல் வைத்து மறந்தால் கருங்கறை விழும், போகாது. இது வேறொன்றுமல்ல, கடுக்காயும் இரும்பும் சேர்த்து நம் முன்னோர் மை செய்தார்களே, அதே வினைதான். அதையே நாம் பயன்படுத்திக்கொள்ளலாம். துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் ஒரு வாரம் போட்டு, காற்றுப் போக மூடியைத் தளர்த்தி வைத்து, பிறகு வடிகட்டித் தோலில் பூசுங்கள். கண்ணெதிரே கறுப்பாகும். காய்ந்ததும் இலேசாக எண்ணெய் தொட்டுத் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் வெடிக்கும். ஊரில் புதுச் செருப்புக்கு விளக்கெண்ணெய் போடுவது நினைவிருக்கிறதல்லவா? அது போதும். நான்கு சொட்டு, அதற்குமேல் வேண்டாம். கூடினால் தோல் தொளதொளத்துவிடும்.

மும்பை மழைக்காலம் தோலுக்குச் சோதனைக் காலம். பாலிதீன் பையில் கட்டிப் பீரோவில் வைத்தால் நான்கே மாதத்தில் பச்சைப் பூஞ்சை. பழைய வேட்டித் துணியில் சுற்றி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். நனைந்த தோலை வெயிலிலோ அடுப்பருகிலோ காயவைக்காமல் நிழலில் விடுங்கள். பூஞ்சை வந்துவிட்டால் வெளியே கொண்டுபோய் உலர்ந்த துணியால் துடைத்து, பிறகு மூலையில் சோதித்துப் பார்த்து ஸ்பிரிட் தொட்ட துணியால் ஒரு முறை.

குத்தூசியும் ராம்பியும் புதிதாக வாங்குவதைவிட உங்கள் தெருமுனையில் தைப்பவரிடமே எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள். அவர் சாணை பிடித்துக் கைக்கு ஏற்றபடி ஆக்கியும் தருவார். சும்மா கேட்காதீர்கள், அவருடைய நேரத்துக்குக் காசு கொடுத்துக் கேளுங்கள்.